படாக் மரத்தின் தெற்குப் பக்கம்

போன மாதம் போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நான் வேலை பார்த்த அதே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள், பெயர் செல்வி. தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். காட்டு மரங்களைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை.

"அங்கிள், நான் எடுத்தா எல்லா மரமும் ஏக்தம் ஒரே மாதிரி வருது. நீங்க எடுத்ததுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூஞ்சி இருக்கே, அது எப்படி?" என்று கேட்டாள். பழைய ஃபைல்களில் இருந்த என் படங்களைப் போனில் எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நிறுத்தினாள். பெரிய படாக் மரம், அதன் அடியில் ஒரு புருஷனும் பெண்சாதியும். "இதான் பெஸ்ட் அங்கிள். இதை எப்படி எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. ஆபீஸ் மலர்ல போடுவோம்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். காபி குடித்துவிட்டுப் போனாள். நான் எழுதுவதைப் படித்த பிறகு மலரில் போடுவார்களா என்பது சந்தேகம்தான். அந்தப் படத்தை யார் பாராட்டினாலும் இத்தனை வருஷமாக அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டி வந்திருக்கிறேன். இனி ஆட்ட முடியாது. அலுவலகத்தின் பெயரை நான் எழுதவில்லை. அதன் மேல் பிழை இல்லை, பிழை முழுக்க என்னுடையது.

நான் தொழில் படித்தது விருதுநகரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில். அங்கே நாலு வருஷம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண் படம்தான் எங்கள் ஸ்டுடியோவின் பிழைப்பு. ஒரு கண் சற்று ஒதுங்கியிருந்தால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார வைக்க வேண்டும். கழுத்தில் தீப்பட்ட தழும்பு இருந்தால் பின்னலை எடுத்து முன்னால் போட வேண்டும். சொத்தைப் பல் என்றால் சிரிக்கவே விடக் கூடாது. குறை தெரியாமல் எடுக்கிறவனுக்குக் கைராசிக்காரன் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் சீக்கிரமே கிடைத்தது. அதனால் எத்தனை பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு என்ன பாடு பட்டார்களோ, அதை அப்போது நான் யோசித்ததே இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் கப்பல் ஏறினேன். கடலைப் பார்த்து வாந்தி எடுத்துக்கொண்டே போர்ட் பிளேர் வந்து சேர்ந்தேன். கிழக்கு வங்கத்திலிருந்து வீடு வாசலை விட்டு வந்தவர்களைச் சர்க்கார் தீவுகளில் குடியமர்த்திக்கொண்டிருந்த காலம் அது. காட்டைத் திருத்தி நெல் வயலும் மனையும் பிரித்துக் கொடுப்பார்கள். அப்படித் திருத்தும்போது எல்லா மரத்தையும் வெட்டிவிடுவதில்லை. நல்ல திடமான சில பெரிய மரங்களை விதைக்காக விட்டுவைப்பது வழக்கம். எதை விடலாம், எதைச் சாய்க்கலாம் என்பதற்கு ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஃபைல் உண்டு. அந்த ஃபைலுக்குப் படம் எடுக்கிறவன் நான்.

என் மேலதிகாரி கருணாகரன் சார். பாலக்காட்டுக்காரர், மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு மரத்துக்கு நாலு படம் வேண்டும் என்பது அவர் விதி. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நாலு பக்கமும் ஒரே தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். மரத்தின் உயரமும் பருமனும் தெரிவதற்காக அடிமரத்தின் இடது பக்கத்தில், ஒரு கை தள்ளி, அளவுக் கம்போடு ஓர் ஆள் நிற்க வேண்டும். காலடியில் மர எண் எழுதிய சிலேட்டு. ஆள் எந்தக் காரணத்தைக் கொண்டும் மரத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது.

பிரிண்டுகள் காய்ந்ததும் சார் தன் மேஜையைக் காலி செய்வார். வடக்குப் பக்கத்துப் படத்தை மேஜையின் வடக்கு ஓரத்தில் வைப்பார். மற்ற மூன்றையும் அப்படியே அதனதன் திசையில் வைப்பார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் கட்டி, மேஜையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காட்டில் மரத்தைச் சுற்றி வருவது போலவேதான் இருக்கும். முதல் தடவை ஒரு கர்ஜன் மரத்துக்கு நான் மூன்று படம் மட்டும் வைத்திருந்தேன். மேற்குப் பக்கம் முள் புதராக இருந்ததால் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். சார் மூன்றையும் பார்த்துவிட்டு, மேஜையின் காலியான பக்கத்தில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மறுநாள் காலை நான் மோட்டார் போட் ஏறி, அந்த ஒரு படத்துக்காகத் திரும்பவும் அந்தத் தீவுக்குப் போனேன்.

அவர் நேரிலும் போய்ப் பார்ப்பார். கோடாலியின் பின்புறத்தால் மரத்தை மூன்று இடத்தில் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். படம், பிறகு காது, இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து.

செல்வி கேட்ட மூஞ்சி விஷயத்துக்கு வருகிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் கர்வமெல்லாம் அதில்தான் இருந்தது. மரத்தைப் படம் எடுக்க நல்ல வெயில் உதவாது. வெயிலில் பாதி மரம் வெள்ளையாகவும் பாதி கரியாகவும் வரும். மழை விட்டு, வானம் மூடாக்காக இருக்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, அப்போதுதான் பட்டை வாய் திறக்கும். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு வடுவும் தெரியும். காமிராப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் மரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடப்பேன். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டுதான். கர்ஜன் கிளையே விடாமல் நேரே ஏறிப்போய் உச்சியில்தான் கை விரிக்கும், யாரோடும் ஒட்டாத ஆள். கடலோரத்துப் பாதாம் காற்றுக்கு வளைந்து கொடுத்துப் பழகியது. படாக் அப்படி இல்லை. அதன் பலகை வேர்கள் ஆளுயரத்துக்கு எழும்பி நாலா பக்கமும் ஓடும், மேலே கிளைகள் தாராளமாகப் படரும். பெரிய குடும்பத்தைக் கட்டி ஆண்ட மனிதர் மாதிரி நிற்கும். மழை தொடங்கும் சமயம் சில நாட்களுக்கு மட்டும் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். எனக்குப் படாக் மேல் பைத்தியம்.

அறுபதுகளின் நடுவில், ரங்கத் பக்கம் ஒரு குடியேற்ற கிராமத்தில் அந்த மரத்தைப் பார்த்தேன். ஊரின் பெயர் வேண்டாம். நான் போன அன்று பூ கொட்டித் தரை முழுக்க மஞ்சள். வடக்கிலிருந்து பார்த்தபோது காமிராப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவ்வளவு பெரிய படாக்கை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கருணாகரன் சார் வரவில்லை. மலேரியாவில் படுத்திருந்தார். "நீ போ முத்தையா. நாலு பக்கமும் கரெக்டா எடுத்துக் கொண்டு வா. நான் இந்தத் தடவ படம் பாத்து எழுதறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மரத்துக்குத் தெற்கே, இருபது முப்பது எட்டில், ஓலை வேய்ந்த ஒரு வீடு. ஹரிபதோ என்கிற வங்காளிக் குடியேறியின் வீடு. முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான ஆள். அவர் மனைவி பாருல். இருவரும் நான் வந்தது தெரிந்து ஓடி வந்தார்கள். ஹரிபதோ இந்தியில், "பாபு, இஸ்கோ கிராவோ. ராத் கோ நீந்த் நஹி ஆதா" என்றார். இதைச் சாய்த்துவிடுங்கள், ராத்திரி தூக்கமே வருவதில்லை என்கிறார். அனுமதி இல்லாமல் அவர்களாக வெட்ட முடியாது. பாருல் என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக மரத்தின் தெற்குப் பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே இரண்டு பலகை வேர்களுக்கு நடுவில், இடுப்பு உயரத்தில், ஒரு பொந்து. அவள் கையை உள்ளே விட்டாள். தோள் வரைக்கும் போயிற்று. வெளியே எடுத்தபோது உள்ளங்கை நிறையக் கறுப்பாக, ஈரமாக, உளுத்த மரத்தூள். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. மரம் தெற்கே சற்றுச் சாய்ந்தும் இருந்தது. பொந்து படத்தில் விழுந்தால் சார் ஒரே நிமிஷத்தில் வெட்டச் சொல்லி எழுதிவிடுவார். ஒரு வாரத்தில் கோடாலிகள் வந்துவிடும்.

அந்த மரத்தை வெட்டுவதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். இத்தனை காலமாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் உண்மை அதைவிட மட்டமானது. நாலு படத்தில் தெற்குப் பக்கத்துப் படம்தான் பிரமாதமாக அமையும் என்று என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் இருந்தது. கிளை விரிவும் அந்தப் பக்கம்தான். அந்தக் கறுப்பு ஓட்டை மட்டும் நடுவில் சொத்தைப் பல் மாதிரி இருந்தது.

ஸ்டுடியோ புத்தி வேலை செய்தது. ஹரிபதோவிடம் அளவுக் கம்பைக் கொடுத்து, பொந்துக்கு நேர் முன்னால் நிற்கச் சொன்னேன். ஒல்லி ஆள், பொந்தின் ஓரம் தெரிந்தது. பாருலையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் வெட்கப்பட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பைக் கொஞ்சம் விரித்துப் பிடிக்கச் சொன்னேன். பொந்து மறைந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் தலைகீழாக மரமும் புருஷனும் பெண்சாதியும். ஹரிபதோ அங்கிருந்தே, ஓட்டை படத்தில் வருமா பாபு என்று கேட்டார். வரும், வரும் என்றேன். இருவரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். அழுத்தினேன்.

பாருல் அவித்த முட்டை இரண்டு கொடுத்தாள். அதையும் வாங்கித் தின்றேன்.

சார் எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும் படங்களை வைத்தேன். சட்டைக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேஜையைச் சுற்றினார். தெற்கே வந்து நின்றார்.

"இவங்க எந்தினா நடுவுல நிக்கறது?"

"வெளிச்சத்துக்காக சார். ஓரத்துல நின்னா ஆள் கறுப்பா விழுறாங்க."

பூதக்கண்ணாடியை எடுத்தார். அவருடைய கை காய்ச்சல் நடுக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை வைத்துவிட்டார். "நல்ல படம்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என் படத்தை நல்ல படம் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். மரத்தை விட்டுவைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அலுவலக வராந்தாவில் மாட்டினார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் யார் எடுத்தது என்று கேட்டார்கள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், காற்று பலமாக அடித்த ஒரு பிற்பகலில் மரம் பொந்து இருந்த இடத்தில் முறிந்து தெற்கே விழுந்தது. ஹரிபதோ வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். பாருல் அடுப்படியில் இருந்தாள்.

விழுந்த மரத்துக்கும் படம் வேண்டும் என்பது விதி. கருணாகரன் சாரும் நானும் போனோம். நாங்கள் போனபோது அவளைத் தகனம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஓலைக் கூரை பாய் மாதிரி நசுங்கிக் கிடந்தது. சார் மழையில் நனைந்துகொண்டே அடிமரத்துக்குப் போய், பிளந்து கிடந்த பொந்துக்குள் தன் கைத்தடியை விட்டார். தடி முழுக்க உள்ளே போயிற்று. திரும்பி என்னைப் பார்த்தார். நான் காமிராவுக்கு ஸ்டாண்டு விரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் விசாரணை. சார் பழைய நாலு படங்களையும் கொண்டுவந்திருந்தார். ஒரு பெஞ்சின் மேல் திசை பார்த்து வைத்தார். இந்தத் தடவை சுற்றி வரவில்லை. நேரே தெற்குப் படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இங்கே நிக்கச் சொன்னது ஆரு?"

அந்த இடத்தில், அந்த ஒரு நொடியில், நான் ஒரு மனிதனாக இருந்திருக்கலாம். ஊரில் அம்மாவுக்கு நான் அனுப்புவதுதான் சாப்பாடு, மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், இந்த வேலை போனால் கப்பல் ஏறித் திரும்பிப் போய் எந்த முகத்தோடு நிற்பது, எல்லாம் மண்டைக்குள் ஓடியது. "அவங்களாவேதான் வந்து நின்னாங்க சார்" என்றேன்.

ஹரிபதோ அந்தக் கொட்டகையின் மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மொட்டை போட்டிருந்தார். சார் அவரிடம் இந்தியில் அதே கேள்வியைக் கேட்டார். யார் அங்கே நிற்கச் சொன்னது? ஹரிபதோ என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சொல்லப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஹம் லோக் அப்னா மன் சே கடா ஹுவா, சாப்" என்றார். நாங்களாகத்தான் நின்றோம் ஐயா.

சார் இன்னொரு தடவை கேட்டார். அவர் அதையே சொன்னார். மரத்தைப் பற்றிப் புகார் ஏதும் சொன்னீர்களா என்று கேட்டதற்கும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அதன் விளைவு இது. அந்த வீடு இருந்த இடத்தில் இனி இருக்க முடியாது, வேறு எங்காவது ஒரு மனை ஒதுக்கிக் கொடுங்கள் என்று ஹரிபதோ மனுப் போட்டிருந்தார். குடியேறியவர் மரத்தைப் பற்றி முன்பு குறை கூறியதில்லை, விரும்பி அதனருகில் நின்று படமும் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஃபைலில் ஏறியது. அத்தாட்சியாக என் படம். மனு திரும்பி வந்துவிட்டது. அவள் செத்த இடத்திலேயே அவர் மறுபடி கூரை போட்டுக்கொண்டு குடியிருக்க வேண்டியதாயிற்று. நான் வாயைத் திறந்திருந்தால் வேறு கிராமத்தில் ஒரு மனை கிடைத்திருக்கும். திறக்கவில்லை.

கருணாகரன் சார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் படங்களை அவர் மேஜையில் பரப்பியதே இல்லை. கட்டாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கோடாலியை எடுத்துக்கொண்டு தானே காட்டுக்குப் போய்விடுவார். வராந்தாவில் மாட்டியிருந்த படத்தை அவராகவே ஒரு நாள் கழற்றி உள்ளே வைத்தார். நான் வெட்கத்தால் செத்துவிடவில்லை. சம்பளம் வாங்கினேன், பதவி உயர்வும் வாங்கினேன். அந்த நாட்களில் ஒரு தடவை என் மனைவி, "என்னங்க, சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீக, வாயில வைக்க மாட்டேங்கீக?" என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் மத்தியானம், ஹரிபதோ அலுவலக வராந்தாவில் வந்து நின்றார். ரங்கத்திலிருந்து போட் பிடித்து வந்திருக்கிறார். வேட்டி முழங்கால் வரை ஈரம். மனு விஷயமாக வந்திருக்கிறார், இன்று எல்லோர் முன்னாலும் கேட்கப்போகிறார் என்று பயந்துவிட்டேன். அவரை அவசரமாக இருட்டறைப் பக்கம் ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனேன். அப்போதும் என் புத்தி அப்படித்தான் போயிற்று.

அவர் கேட்டது அந்தப் படம். அவளுக்கு வேறு படமே கிடையாதாம். கல்யாணத்தின்போதும் எடுக்கவில்லை, அகதி முகாமிலும் எடுக்கவில்லை.

நெகட்டிவைத் தேடி எடுத்தேன். மரத்தை விட்டுவிட்டு அவர்கள் இருவரை மட்டும் பெரிதாகப் போடட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். தண்ணீர்த் தட்டில் படம் மிதந்தபோது குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் சொன்னபடி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று சாரிடம் நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள், நான்தானே உங்களை அங்கே நிறுத்தினேன் என்று கேட்டேன். யாரிடமும் ஒப்புக்கொள்ளாததை அவரிடம்தான் முதலில் ஒப்புக்கொண்டேன், அதுவும் கேள்வியாக.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆப் கா நௌக்ரி சலா ஜாதா, பாபு" என்றார். "ஃபிர் ஃபோட்டோ கோன் தேதா?"

உங்கள் வேலை போயிருந்தால் படத்தை யார் தருவார்கள் என்று கேட்டார். படம் எடுத்த அன்று, இருவருக்கும் படத்தின் ஒரு காப்பி அனுப்புகிறேன் என்று நான் சொன்னேனாம். அதற்குப் பிறகு ரங்கத்துக்கு ஒவ்வொரு போட் வந்தபோதும், பாபு படம் கொடுத்தனுப்பினாரா என்று பார்த்து வரச் சொல்லிப் பாருல் அவரைப் படகுத்துறைக்கு அனுப்பினாளாம். ஒரு வருஷம், சாகும் வரைக்கும்.

அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.